மஞ்சள் பூவெல்லாம் ஆவரசு அல்ல

முருங்கனில் இருந்து சிலாவத்துறைக்குச் செல்லும் வீதியில் ஜனவரி மாத இறுதியில் ஒருமுறை பயணம் செய்து பார்க்க வேண்டும். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்வெளிகள் மெல்ல மெல்லப் பின்னே மறைய, பற்றைக் காடுகள் தொடங்கும். மன்னார் மாவட்டத்தின் தென்பகுதியான முசலி, இலங்கையின் மிக வரண்ட நிலங்களுள் ஒன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழைதான். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மாரியில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த மழை ஓய்ந்த சில வாரங்களில் வீதியின் இரு மருங்கும் மஞ்சள் பூத்து நிற்கும் காட்சி கண்ணுக்குக் குளிர்ச்சியானது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், "இந்த முறை ஆவரசு நல்லாப் பூத்திருக்கு" என்றார். அவர் கைகாட்டிய பக்கத்தில் ஆவரசும் நின்றது உண்மை. ஆனால் அதனோடு அதன் உறவுக்காரச் செடிகள் வேறு சிலவும் கலந்து நின்றன. ஓடுகின்ற பஸ்ஸில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மஞ்சள்தான்.

இந்த உறவுக்காரர்களைப் பற்றியதே இக்கட்டுரை. பூவை உலர்த்தித் தேநீர் போடுபவர்களும், இலை பறித்துச் சுண்டல் செய்பவர்களும், நாட்டு மருந்துக் கடையில் ஸனா வாங்கி வைப்பவர்களும் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். தோட்டத்தில் விளையாடும் பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியவர்களும் அவர்களே. அதனால் இவ்விடயம் இந்தப் பக்கங்களுக்கு உரியது எனக் கருதினேன்.

நான் சென்றது என் மனைவியின் சாச்சி வீட்டுக்கு. எழுபது வயதைக் கடந்த அவர் முசலியில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, 70,000க்கும் அதிகமான மக்களுள் ஒருவராகக் கையில் ஒரு துணிமூட்டையோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை இருபது ஆண்டுகள் அங்கேயே நீடித்தது. 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பிப் போனபோது வீடு இருந்த இடத்தில் காடு நின்றது. கிணற்றைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாட்கள் எடுத்ததாம். "கிணத்துக் கட்டுக்குப் பக்கத்தில என்ட உம்மா வெச்ச ஆவரசு நிண்டது. அதப் பாத்துத்தான் இடம் பிடிச்சம்" என்று சொன்னார்.

அவருடைய பேத்தி புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகி, மூன்று வயது மகனோடு இப்போது உம்மம்மாவுடன் முசலியில் இருக்கிறாள். படித்தவள், கெட்டிக்காரி. ஆனால் காட்டுச் செடிகளைப் பார்த்துப் பழகும் வயதை அவள் முகாமின் நெருக்கமான குடிசைகளுக்கு இடையில் கழித்தாள். தாயும் மகளும் விறகுக்குப் போகும் வழியில் கைமாற வேண்டிய அறிவு ஒரு தலைமுறையில் நின்று போனது. வீடுகளைத் திரும்பக் கட்டலாம். இதை எந்த உதவித் திட்டத்தில் கட்டுவது?

நான் போன மறுநாள் ஸுபஹுக்குப் பின் மூவரும் வெளியே இறங்கினோம். சாச்சி முன்னே நடந்தார். பேத்தியின் கையில் ஒரு பை. தேநீருக்குப் பூவும், பகல் சோற்றுக்குத் தகரைக் கீரையும் பறிப்பது நோக்கம்.

முதலில் கிணற்றடி ஆவரசு. தமிழில் ஆவரசு, ஆவாரை, ஆவிரை என்றெல்லாம் வழங்கும். சிங்களத்தில் ரணவரா. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளர்ந்த புதர். பட்டை செம்மண் நிறம். அந்தப் பட்டையைத் தோல் பதனிடுவதற்கு இந்தியாவில் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தார்கள். அம்பாந்தோட்டைப் பக்கத்தில் ரணவராத் தேநீர் இன்றும் வீட்டுப் பானம். ஆங்கிலேயர் இந்தச் செடிக்கு மாத்தறைத் தேயிலை என்றே ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.

நான் பூவைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சாச்சி சிரித்தார்.

"பூவப் பாத்து என்ன மருமகன் விளங்கும்? எல்லாம் மஞ்சள்தானே. எறும்பு எங்க நிக்குதெண்டு பாருங்கோ."

இலைக் காம்பை அவர் திருப்பிக் காட்டினார். நடுநரம்பின் இரு பக்கமும் சோடி சோடியாகச் சிறு இலைகள். எட்டுச் சோடிக்குக் குறையாது. பன்னிரண்டு வரை போகும். ஒவ்வொரு சோடிக்கும் நடுவில் நிமிர்ந்த ஒரு சிறிய முளை. அந்த முளைகளில் இனிப்பு நீர் சுரக்கும். எறும்புகள் அதைக் குடிக்க வரும். பூவிலோ தேன் இல்லை. வண்டுகள் வருவது மகரந்தத்துக்கு மட்டுமே. பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்ய, மகரந்தப் பைகளின் நுனித் துளைகளால் தூள் கொட்டும். காலை வேளையில் பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். தேனைப் பூவில் வைக்காமல் இலையில் வைத்த ஏற்பாட்டைப் பாருங்கள்!

ஆவரசுக்கு இன்னொரு அடையாளம், இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் காது. வட்டமான, இலை போன்ற ஒரு செதில். தாவரவியலார் இதற்கு வைத்த 'ஒரிக்குலாற்றா' என்ற லத்தீன் பெயரின் பொருளும் காதுடையது என்பதே. காய் தட்டையானது, கடதாசி போல மெல்லியது, விதைகளுக்கு இடையே குறுக்காக மடிப்புகள் விழுந்திருக்கும். காது, முளை, மடிப்புக் காய் மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஆவரசுதான். பூ விரிந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

அடுத்தது தகரை. சிங்களத்தில் பெத்தி தோர. மழைக்கு முளைத்து, முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, வெயிலில் காய்ந்து போகும் செடி. இதற்கு மூன்றே சோடி இலைகள். நுனி மழுங்கி வட்டமாக இருக்கும். முளைகள் கீழ்ச் சோடிகளுக்கு இடையில் மட்டும். பூ சிறியது, இலைக் கக்கத்தில் இரண்டிரண்டாக வரும். காய் மெலிந்து நீண்டு அரிவாள் போல வளைந்திருக்கும். தகரைக் கொழுந்தைத் தேங்காய்ப் பூவும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுண்டினால் ருசியே தனி. மாலையானதும் இதன் இலைகள் சோடி சோடியாக மடிந்து விடும். மஃரிபுக்குப் பிறகு பறிக்கப் போனால் ஆளே மாறித் தெரியும்.

பேத்தியின் பையில் தகரையோடு வேறொரு கொழுந்தும் வந்து சேர்ந்தது இந்த இடத்தில்தான். சாச்சி பையில் கையை விட்டு அதை வெளியே எடுத்தார்.

"இதுக்கு எத்தின சோடி இலை? எண்ணு."

"அஞ்சு, உம்மம்மா."

"நுனி?"

"கூரா இருக்கு."

"கசக்கி மணந்து பார்."

மணந்தவள் முகத்தைச் சுளித்தாள். அதுதான் பேயாவரை. சிங்களத்தில் பெனி தோர. தென் அமெரிக்கப் பக்கத்தில் இருந்து வந்து உலகின் வெப்ப நாடுகளெல்லாம் பரவிய களைச்செடி. நான்கு அல்லது ஐந்து சோடி, சிலவேளை ஆறு. நுனி கூர்மை. மேல் சோடி இலைகள் கீழ்ச் சோடியைவிடப் பெரியவை. கசக்கினால் கெட்ட வாடை. எறும்பு நிற்கும் முளை ஒன்றே ஒன்று. அதுவும் இலைக் காம்பின் அடியில், தண்டோடு ஒட்டினாற் போல, மணி மாதிரி உருண்டு இருக்கும். காய் தட்டையாக, சற்று மேல்நோக்கி வளைந்து, நடுவில் கபில நிறமும் ஓரங்களில் வெளிறிய நிறமுமாக இருக்கும். ஓரத்தில் கரை போட்ட சேலை போல என்பார் சாச்சி.

பூவை மட்டும் ஒப்பிட்டால் ஆவரசுக்கும் இதற்கும் ஐந்து மஞ்சள் இதழ்கள்தான். ஆனால் இதன் ஆபத்து பூவில் இல்லை, காயில் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியபோது அந்த ஆபத்தை முற்றத்திலேயே கண்டோம். பேத்தியின் மகன் சிரட்டையில் மண் போட்டுச் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தான். கறிக்கு வேலியோரம் நின்ற பேயாவரையின் பச்சைக் காய்களைப் பறித்துப் பிளந்து வைத்திருந்தான். பார்த்தால் பயற்றங்காய் போலவே இருந்தது. சாச்சி ஓடிப்போய்ச் சிரட்டையைத் தட்டிவிட்டு, பிள்ளையின் வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிள்ளை அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

கிழவியின் பதற்றம் அளவுக்கு மீறியது என்று எவரும் எண்ண வேண்டாம். வட இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், பிஜ்னோர் மாவட்டத்தை ஒட்டிய பகுதிகளில், குளிர்காலம் வரும்போதெல்லாம் சிறு பிள்ளைகள் திடீரென வாந்தி எடுத்து, நினைவு தப்பி, சில நாட்களுக்குள் இறந்து போனார்கள். ஆண்டுக்கணக்காக அதை மூளைக் காய்ச்சல் என்றே எண்ணியிருந்தார்கள். மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, காரணம் கிருமி அல்ல, இந்தப் பேயாவரையின் விதைகள் என்று காட்டியது. விளையாட்டில் பறித்துத் தின்ற காய்கள் ஈரலையும் தசையையும் மூளையையும் ஒருசேரத் தாக்கியிருந்தன. நோயுற்ற பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. இதே விதையைக் கருக வறுத்துக் கோப்பிக்குப் பதிலாகக் குடிக்கும் நாடுகளும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு இதில் கெடுதி இல்லை என்று நினைப்பவர்கள் பச்சை விதை தின்ற பிள்ளைகளின் கதையையும் கேட்க வேண்டும். பிள்ளை இக்காயைத் தின்றது தெரிந்தால் கைமருந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் காயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதே வழி.

அன்று பகல் வேலியோரப் பேயாவரை முழுவதையும் நானும் பேத்தியும் வேரோடு பிடுங்கினோம். பிடுங்கும்போது ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்தே பிடுங்கினாள். இரண்டு தகரையை விட்டுவிட்டாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

தோட்டத்தின் ஈரமான மூலையில் நின்ற சீமையகத்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதை எவரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். பூங்கொத்து மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்கும். காயில் நீளவாக்கில் சிறகுகள் இருக்கும். இலை அவ்வளவு பெரியது என்பதால் சிங்களத்தில் யானைத் தோர என்ற பொருளில் எத் தோர என்பார்கள். படர்தாமரைக்கு இலையை அரைத்துப் பூசுவது நம் வீடுகளிலும் உள்ள வழக்கம்.

இரவு சாப்பாட்டுக்குப் பின் பேத்தி உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டு வந்தாள். "சாச்சா, இது ஸனா மக்கி என்று கடையில வாங்கினது. இதையும் பாருங்கோ" என்றாள். நகரத்துக் கடையொன்றில் வாங்கியது. கடையின் பெயர் நமக்கு வேண்டியதில்லை.

ஸனாவும் இந்தக் குடும்பத்துச் செடியே. அரபு நாட்டிலும் சூடானிலும் காடாக வளர்வது. தமிழ்நாட்டில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கங்களில் பயிரிடுகிறார்கள். தமிழில் நிலாவரை, நிலவாகை. லின்னேயஸ் 1753இல் இவை அனைத்தையும் கொன்றை மரத்தோடு சேர்த்து 'கெஸியா' என்று ஒரே இனத்தில் வைத்தார். 1982இல் இர்வின், பார்னெபி என்ற இரு தாவரவியலார் கொன்றையைக் கெஸியாவிலேயே விட்டு, ஆவரசு, தகரை, பேயாவரை போன்றவற்றை வேறாக்கி 'ஸென்னா' என்ற இனத்தில் சேர்த்தார்கள். ஸென்னா என்பது நம் அரபு ஸனாதான். இந்தப் பெயரின் கீழ்தான் இன்று முசலி வேலியோரத்துக் களைச்செடிகூட உலகப் புத்தகங்களில் பதிவாகிறது.

ஸனா என்றதும் சகோதரிகளுக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வரலாம். அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களிடம், வயிற்றை இளக்க எதைப் பயன்படுத்துகிறீர் என நபி (ஸல்) அவர்கள் வினவ, ஷுப்ரும் என்று அவர் கூறினார். அது கடுமையானது என நபியவர்கள் சொன்னார்கள். பின்னர் அவர் ஸனாவுக்கு மாறினார். ஸனாவை நபியவர்கள் சிறப்பித்தார்கள். திர்மிதி, இப்னு மாஜா தொகுப்புகளில் இது பதிவாகியுள்ளது. அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானதாகக் கருதும் அறிஞர்களும் உளர். ஷுப்ரும் என்பது கள்ளியைப் போல பால் வடியும் செடி வகையைச் சேர்ந்தது. மருத்துவர்கள் அதன் கடுமையால் அதைத் தவிர்க்கச் சொன்னார்கள் என்று இப்னுல் கையிம் (ரஹ்) எழுதுகிறார். நாம் இந்த அறிவிப்பில் ஸனாவின் சிறப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். என் பார்வை அஸ்மா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியில் நிற்கிறது: எந்தச் செடி?

பையில் இருந்ததைக் கடதாசியில் கொட்டினோம். நீண்டு இரு முனையும் கூர்ந்து, சாம்பல் பச்சை நிறத்தில், அடிப்பகுதியில் ஒரு பாதி மற்றப் பாதியைவிட இறங்கியிருந்தவை ஸனா இலைகள். அவற்றோடு நுனி மழுங்கி, ஒரு முள் போன்ற புள்ளியுடன் கூடிய நீள்சதுர இலைகளும் நிறைய இருந்தன. சாச்சி ஒரே பார்வையில், "இது நம்மட ஆவரசு இலை" என்றார். ஒடிந்த காம்பொன்றில் முளைகள் வரிசையாக இருந்தன. ஸனாக் காம்பில் முளை கிடையாது. ஸனாவில் ஆவரசு இலையைக் கலப்பது புதிய தந்திரம் அல்ல. மருந்தியல் நூல்களில் அதற்குப் 'பால்தே ஸென்னா' என்று பெயரே இருக்கிறது. ஆய்வுகூடத்தில் 80 வீதக் கந்தக அமிலம் விட்டால் ஆவரசு இலை சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் அமிலம் வேண்டாம், கண் போதும்.

ஆவரசு கலந்தால் ஆளுக்குப் பெரிய கெடுதி இல்லை. வயிறு இளகாது, காசு நட்டம். சுத்தமான ஸனாவிலும் எச்சரிக்கை தேவை. இரவில் குடித்தால் காலையில் பெருங்குடலைத் தூண்டி வேலை செய்யும் மருந்து அது. நாளாந்தப் பானம் அல்ல. தொடர்ந்து குடித்தால் உடலின் பொற்றாசியம் குறையும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியரைக் கேளாமல் கொடுக்கலாகாது. 2020இல் கொரோனாக் காலத்தில் பாகிஸ்தானில் ஸனா மக்கிக் கஷாயம் நோயைத் தீர்க்கும் என்ற செய்தி பரவி, இலையின் விலை பன்மடங்கு ஏறியது. மருத்துவர்கள் எவ்வளவோ எச்சரித்தார்கள். அதுபோலவே ஆவரசுத் தேநீர் சர்க்கரை நோய்க்கு நல்லது என்பதும். எலிகளில் செய்த சில ஆய்வுகள் அதற்குச் சாதகமாக உள்ளன என்பதற்காகக் கிளினிக்கில் தந்த குளிசையை அலுமாரியில் வைத்துவிடக் கூடாது.

ஸிரியாவில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரஷீதுத்தீன் அஸ்ஸூரி என்ற மருத்துவரைப் பற்றி இப்னு அபீ உஸைபிஆ எழுதியது அப்போது என் நினைவுக்கு வந்தது. செடிகளைத் தேடி லெபனான் மலைகளுக்குப் போகும்போது அவர் ஓவியர் ஒருவரையும் வர்ணங்களுடன் அழைத்துச் செல்வாராம். ஒரே செடியை முளைத்த பருவத்திலும், வளர்ந்து விதை வந்த பருவத்திலும், உலர்ந்த பிறகும் என மூன்று முறை வரைவிப்பாராம். வாங்குபவர் எந்த நிலையில் கண்டாலும் அடையாளம் காண வேண்டும் என்பதற்காக. பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் கைபேசியை எடுத்தாள். மறுநாள் காலை நாலு செடிகளின் கொழுந்து, இலைக்காம்பு, பூ, காய் எல்லாவற்றையும் படம் பிடித்து, சாச்சி சொன்ன பெயர்களைக் கீழே எழுதினாள்.

ஒன்றே ஒன்று மீதியானது. மையவாடிக்குப் போகும் பாதையில் ஒற்றையாக நின்ற செடி. இலை பேயாவரை போலக் கூர்மை. ஆனால் எட்டுச் சோடி, ஒடுக்கமானவை. காம்பின் அடியில் ஒரே முளை. ஆனால் மணி போல உருளாமல் நீண்டிருந்தது. பூ இருந்தது, காய் இல்லை. பொன்னாவரை என்றார் சாச்சி. அடுத்த வீட்டுப் பெண்ணோ பேயாவரையைத்தான் பொன்னாவரை என்று சொல்வார்களாம். ஊருக்கு ஊர் மட்டுமல்ல, வேலிக்கு வேலி பெயர் மாறுகிறது.

"காய் முத்தட்டும். தட்டையா வந்தா அது, உருண்டு வந்தா இது. அது வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது" என்று சாச்சி பேத்தியிடம் சொல்லி வைத்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் வட்ஸ்அப்பில் பேத்தி படம் அனுப்பியிருந்தாள். உள்ளங்கையில் ஒரு காய். வீங்கி உருண்டிருந்தது. கீழே ஒரு வரி: "உருண்டுதான் வந்திருக்கு சாச்சா. பொன்னாவரை என்று எழுதிட்டேன். உம்மம்மா பார்த்துச் சரி என்றா."